சும்மா விடுகிற காசு

எனக்குக் களை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலில் ஒரு கோரைப் புல் தலை காட்டினால் எனக்குச் சோறு இறங்காது. கலியாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகும் வழியில், யாரோ ஒருவருடைய வரம்பில் நின்ற புல்லைக் குனிந்து பிடுங்கியவள் நான். என்னை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. உடுப்பிட்டிக்குத் தெற்கே, உப்பு நீர் நிற்கும் கடனீரேரியைப் பார்த்தபடி கிடக்கும் எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் முதலில் வயலைப் பார்ப்பார்கள், பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். கோயிலுக்குப் போகாதவனை மன்னிப்பார்கள். களை பிடுங்காதவனுக்கு மன்னிப்புக் கிடையாது.

இந்தக் குணத்தால் என் தங்கைக்கு நான் செய்த ஒரு காரியத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் இடையில் இரண்டு வயதுதான். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள் நான். அவளுடைய கொண்டையைச் சரி செய்தவளும், அவள் சமைத்த கறிக்கு உப்புப் பார்த்தவளும் நான்தான். அவள் கேட்டாளா என்றால், கேட்கவில்லை.

எங்களைப் பெற்ற ஐயாவுக்கு ஏரிப் பக்கமாகச் சரிந்து போகும் ஒரே வயல் இருந்தது. எனக்குக் கலியாணம் பேசிய போது, மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர் என்பதால், மேட்டுப் பாதியைச் சீதனமாக எழுதினார். தங்கையை எடுத்தவர் ஒன்றும் கேட்காத மனிதர். ஆகவே அவளுக்குப் பள்ளத்துப் பாதி போனது. மேட்டில் ஒரு போகம் தவறாது. பள்ளத்தில் மூன்று வருடத்தில் ஒரு வருடம் நெல், மற்ற இரண்டு வருடமும் பாதிப் பயிர் உப்பில் கருகிப் போகும். இந்தப் பங்கீடு சரியில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்.

தங்கையின் புருஷன் அதிகம் பேசமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் இறங்கினால், பொழுது சாயத்தான் ஏறுவார். அப்படிப்பட்டவர் ஏரிக்கரையோரமாக இருந்த கடைசித் துண்டை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். அங்கே தாழை பற்றையாக எழும்பி நின்றது. அதற்குள் கண்டல், உவர்ப்புல், பெயர் தெரியாத முள்ளுகள், உடும்பு, பாம்பு எல்லாம் இருந்தன. சோளகம் என்று சொல்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஏரி வற்றி, வெள்ளை வெளேரென்று உப்புப் பூக்கும். அந்த உப்புத் தூளைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து வயல் மண்ணில் கொட்டும். தாழைக்குப் பின்னால் இருக்கும் மண்ணில் அது குறைவாக விழுகிறது என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். மாரியில் ஏரி பெருகி ஏறும்போதும் தாழை வேர் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். இதை ஊரில் யாரும் காதில் போடவில்லை. மச்சான் தாழம்பூ வித்துத்தான் பணக்காரன் ஆகப் போறார் என்று பகிடி பண்ணினார்கள். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் நான்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு, ஆடி மாதம் என்று நினைவு, ஊர்த் தலைமைக்காரரான விதானையார் கோயில் வீதியில் ஒரு கடுதாசியை வாசித்தார். ஏரி உப்பு வருடா வருடம் மேலே ஏறுகிறதாம். கரையோரத்துக் காணிக்காரர் தங்கள் வயலின் கடைசித் துண்டை உழாமல், விதைக்காமல், அங்கே நிற்கிற மரஞ்செடிகளோடு காத்து வந்தால், ஆண்டுதோறும் அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்குமாம். புரட்டாசியில் விவசாயத்தைப் பார்க்கிற கமத்தொழில் உத்தியோகத்தர் ஒருவர் நேரில் வந்து காணிகளைப் பார்வையிட்டுப் பெயர் பதிவாராம்.

விதானையார் வாசித்து முடித்துக் கடுதாசியை மடித்தார். பிறகு ஒரு கிழவர் சொன்னார்:

"விதைக்கக் கடன் கேட்டால் அரசாங்கக் கச்சேரிப் படியிலை ஏற விடாயினம். விதையாமல் இருக்கக் காசு தருவினமாமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே அதற்குச் 'சும்மா விடுகிற காசு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காணியைப் பறிக்கத்தான் இந்த வேலை என்று சிலர் பயந்தார்கள். ஆனால் அந்தக் கடைசித் துண்டுகளில் என்ன விளைகிறது? உப்பும் நத்தையும்தான். பறித்தால் பறிக்கட்டும், அதற்கு முன் இரண்டு வருடக் காசாவது வரட்டும் என்று கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விதானையாரிடமிருந்து அந்தக் கடுதாசியை வாங்கி நானும் ஒரு தரம் வாசித்தேன். ஏழாம் வகுப்பு வரை படித்தவள் அல்லவா? மரஞ்செடிகளோடு என்ற சொல்லையும் வாசித்தேன்தான். வாசித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

மறுநாள் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் குந்தியிருந்து மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, உந்தக் காசு வந்தால் அவர் வன்னிக்குப் போற கதையை விட்டிடுவார்."

அப்போதுதான் எனக்கு முழு விஷயமும் தெரிந்தது. வன்னியில் காடு வெட்டி, குளத்து நீர் பாயும் காணிகளை அரசாங்கம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தங்கையின் புருஷன் அதற்கு மனுப் போட்டிருந்தார். பள்ளத்து வயலை நம்பி நான்கு பிள்ளைகளை வளர்க்க முடியாது என்பது அவருடைய கணக்கு. அதில் பிழை சொல்லவும் முடியாது. ஆனால் வன்னி என்றால் காய்ச்சல். அங்கே போனவர்கள் ஊதிய வயிற்றோடும் மஞ்சள் கண்ணோடும் திரும்பி வந்ததை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. தங்கைக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்கும். சும்மா விடுகிற காசு ஒழுங்காக வந்தால், உப்புப் பிடிக்கிற வருடங்களில் அரிசி வாங்க அது போதும். ஊரோடு இருந்துவிடலாம்.

"அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"காசு கிடைச்சால் நிக்கிறன், கிடையாட்டில் தைக்குப் பிறகு போவம் எண்டவர்."

அப்படியானால் அந்தக் காசைக் கிடைக்கச் செய்வது என் பொறுப்பு என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரும் என்னை நியமிக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் ஊரில் ஒரு பரபரப்பு. உத்தியோகத்தர் வந்து பார்க்கப் போகிறார். பார்க்கப் போகிறார் என்ற ஒரு செய்தி போதும் எங்கள் ஆட்களுக்கு. மற்றதெல்லாம் மறந்து போகும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி, ஆளுக்கு ஆள் கரையோரத் துண்டைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். புல் செருக்கினார்கள், பற்றை வெட்டினார்கள், வரம்பு கட்டி மண் பூசினார்கள். ஒருவர் கரையைக் கூட்டிச் சாணித் தண்ணீர்கூடத் தெளித்தார் என்று கேள்விப்பட்டேன். அது பொய்யாக இருக்கலாம். ஆனால் நம்பக்கூடிய பொய்.

நான் தங்கையின் துண்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வழித்துத் துடைத்த மாதிரிக் காணிகள், நடுவில் இவளுடைய தாழைக் காடு. எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் கூடப் பிறந்தவளுடைய காணி இப்படிக் கிடப்பதை ஒரு படித்த மனிதர் வந்து பார்த்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? இந்தச் சோம்பேறிகளுக்கா காசு என்று பெயரை வெட்டிவிடமாட்டாரா? அரசாங்கம் காசு கொடுத்து ஒரு நிலத்தைக் காப்பாற்றச் சொன்னால், அது காட்டக் கூடியதாக இருக்க வேண்டாமா? என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. அதற்கு மேல் வேலை செய்ய நான் அதை விடவில்லை.

தங்கையின் புருஷன் அப்போது ஊரில் இல்லை. வன்னியில் காணி பார்க்கப் போயிருந்தார். நான் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

"நாளைக்கு ஆள் கூப்பிட்டு உந்தப் பற்றையை வெட்டுவிக்கிறன்."

அவள் தயங்கினாள். "அவர் வரட்டுமே அக்கா. அவர் அதைத் தொட வேண்டாமெண்டவர்."

"அவர் வாறதுக்கிடையிலை உத்தியோகத்தர் வந்திடுவார். பிறகு இருந்து அழு. பாம்புப் புத்தை வைச்சுக்கொண்டு எந்த முகத்தோடை பெயர் பதியக் கேட்பாய்?"

"ஆரோ சொல்லிச்சினம், உள்ள மாதிரியே விட வேணுமாம் எண்டு..."

"ஆர் சொன்னது? கடுதாசியை வாசிச்சது நானோ அவையோ?"

சின்ன வயதில் தலை பின்னும்போது நான் அவள் தலையை அழுத்திப் பிடித்தால் எப்படி அசையாமல் இருப்பாளோ, அப்படி நின்றாள். பிறகு, "நீங்கள் சொன்னால் சரி அக்கா," என்றாள்.

மூன்று நாள் வேலை. கூலிக்கு நாலு பேரைப் பிடித்தேன். தாழை மடலின் முள் கையைக் கிழிக்கும். அவர்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டு வெட்டினார்கள். நானும் சேலையைச் செருகிக்கொண்டு நின்று வேலை வாங்கினேன். மேலால் வெட்டிவிட்டால் போதும், வேர் கிடக்கட்டும் என்றார்கள். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. அலவாங்கு கொண்டு வந்து வேரோடு கிளப்பச் சொன்னேன். கிளப்பினதைக் குவித்துக் கொளுத்தினோம். பச்சைத் தாழை லேசில் எரியாது, இரண்டு நாள் புகைந்துகொண்டே கிடந்தது. தங்கை தன் பிள்ளைகளோடு வரம்பில் நின்று பார்த்தாள், பிறகு வந்து ஒரு கடகத்தை எடுத்துச் சாம்பல் அள்ளினாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் அந்தத் துண்டு கோயில் வீதி மாதிரிக் கிடந்தது. ஒரு ஈர்க்குக்கூட இல்லை. நான் கரையில் நின்று பார்த்தேன். அங்கேயிருந்து ஏரி முழுவதும் தெரிந்தது. முன்பு அந்த இடத்தில் நின்றால் ஏரி தெரியாது. அது நல்ல காட்சி என்றே நினைத்தேன். சந்தோஷமாக வீட்டுக்குப் போய்த் தலை முழுகினேன்.

உத்தியோகத்தர் புரட்டாசி நடுவில் வந்தார். இளம் ஆள். அரைக் காற்சட்டை, தொப்பி, கையில் ஒரு பெரிய கொப்பி. கூட விதானையார், பின்னால் ஊர். நாங்கள் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம், நான் மட்டும் அவ்வளவு தள்ளி நிற்கவில்லை.

முதல் காணியைப் பார்த்ததும் அவர் நின்றார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதுக்கு வரும்போது தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். கரை நீளத்துக்கும் ஒரு தரம் கண்ணை ஓட்டினார். பிறகு விதானையாரிடம் கேட்டார்:

"இஞ்சை நிண்ட பற்றையெல்லாம் எங்கை?"

விதானையார் பெருமையோடு சொன்னார்: "நீங்கள் வாறியள் எண்டு சனம் எல்லாத்தையும் துப்புரவாக்கிப் போட்டுது, ஐயா."

அந்த இளம் மனிதர் வரம்பில் அப்படியே குந்திவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்தப் பற்றைதான் உப்பைத் தடுக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் காசு. பற்றை நிற்கிற காணிக்குத்தான் பெயர் பதியலாம். வெறும் தரைக்குப் பதிய அவருக்கு அதிகாரம் இல்லை.

அப்போதுதான் கரையின் கிழக்கு மூலையில் ஒரு காணி பச்சையாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் வேலைக்குப் பஞ்சிப்படுகிற ஒரே மனிதருடைய காணி அது. அவர் ஒரு வரம்பு கட்டி ஒருவரும் பார்த்ததில்லை. உத்தியோகத்தர் அங்கே ஓட்டமும் நடையுமாகப் போனார். அந்த மனிதர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பதறிப்போய் முன்னால் வந்தார்.

"ஐயா, உடம்பு சுகமில்லாமல் இருந்திட்டன். நாளைக்கே வெட்டிப் போடுவன்."

"வெட்டாதேங்கோ!" என்று உத்தியோகத்தர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஊர் முழுவதிலும் பதியப்பட்ட ஒரே பெயர் அவருடையது. இதைச் சொல்லி எங்கள் ஊரார் இப்போதும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பல வருடம் கழித்து. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நேரே உத்தியோகத்தரிடம் போனேன்.

"ஐயா, அந்தக் காணியிலை தாழை ஆளுயரத்துக்கு நிண்டது. ஊருக்கே தெரியும். நான்தான் வெட்டுவிச்சனான். காணிக்காரியிலை பிழையில்லை."

அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். "வேர் இருக்கோ அம்மா? வேர் இருந்தால் ஒரு வருஷத்திலை துளிர்க்கும். வந்து பாத்துப் பதியலாம்."

வேர் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. அப்படியானால் புதிதாக நட்டு வளர்க்க வேண்டும், பற்றை பிடிக்க நாலைந்து வருடம் செல்லும், பிறகு எழுதிப் போடுங்கள், ஆள் வரும் என்றார். நாலைந்து வருடம் என்று சொல்லும்போது அவருடைய குரல் இறங்கியது. நல்ல மனிதர். அவரோடு சண்டை பிடிக்கக்கூட ஒரு வழி இருக்கவில்லை.

தங்கையின் புருஷன் நாலு நாள் கழித்து வன்னியிலிருந்து வந்தார். வந்த கையோடு வயலுக்குப் போனார் என்று கேட்டு நானும் பின்னால் போனேன். என்ன பேச்சு வாங்கினாலும் வாங்குவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அவர் கரையில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனதும் திரும்பினார்.

"சுத்தமாத்தான் கிடக்கு மச்சாள்," என்றார்.

குத்திப் பேசுகிற மனிதர் அல்ல அவர். கண்டதைத்தான் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அழுது அவர் பார்த்ததில்லை, மனிதர் பயந்து போனார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஏரி பெருகி, வேர் இல்லாத கரையைக் கரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. தாழை நின்ற நாளில் உப்பு எவ்வளவு தூரம் வருமோ அதைவிட இரண்டு வரம்பு தாண்டி வந்து நின்றது. தங்கையின் வயலில் அந்த வருடம் ஒரு கதிர் எடுக்கவில்லை. என் மேட்டு வயல் வழக்கம்போல விளைந்தது. நான் என் கணவரைக் கேட்டேன், மேட்டில் பாதியை அவர்களுக்கு விதைக்க விட்டுவிடுவோமா என்று. அவர் கொஞ்சம் யோசித்து, "நீர் சொல்லுறது நியாயம்தான்," என்றார். போய்ச் சொன்னேன். தங்கையின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வேண்டாம் மச்சாள். நாலு குஞ்சுகளுக்கும் நாளைக்குக் காணி வேணும். அங்கை தருகினம்."

நான் தங்கையைப் பார்த்தேன். நீ போகமாட்டேன் என்று சொல்லு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் கண்ணால் கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும். அவள் சாமான் கட்டுகிற வேலையில் இருந்தாள்.

மாசியில் போனார்கள். இரண்டு மாட்டு வண்டில். ஒன்றில் நெல்லுப் பெட்டகமும் உரலும், மற்றதில் பிள்ளைகள். நான் சந்தி வரைக்கும் நடந்தேன். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து ஒழுங்காகக் குடிக்க வேண்டும், தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், பொழுது பட்டால் பிள்ளைகளை வெளியில் விடக் கூடாது என்று வண்டிலோடு நடந்து நடந்து சொன்னேன். "ஓம் அக்கா, ஓம் அக்கா," என்று எல்லாவற்றுக்கும் சொன்னாள்.

போகும்போது வயலைப் பார்க்கிற பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். அதை விலைக்கு வித்துப் போடட்டோ என்று என் கணவர் கேட்டு எழுதியதற்கு, வேண்டாம், கிடக்கட்டும் என்று அவள் பதில் எழுதினாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னும் திரும்பி வர நினைக்கிறாள்.

அடுத்த சோளகத்துக்கு முன்பு வண்டில் பிடித்துப் பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரைக்குப் போய், கெஞ்சி மன்றாடித் தாழைக் கொப்புகள் வெட்டிக் கொண்டுவந்தேன். நானே நட்டேன். கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. முள் கிழித்த கையோடு சோறு குழைக்க எரியும், எரியட்டும் என்றிருந்தேன். முதல் வருடம் பாதி பட்டுப் போனது. திரும்ப நட்டேன். ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், களைக்கு எமனாக நின்ற வாத்தியார் பெண்சாதி இப்போது காடு வளர்க்கிறாள் என்று. மற்றவர்களும் பிறகு ஒவ்வொருவராக நடத்தான் செய்தார்கள். அதற்குக் கொப்பு வெட்டக் கிழக்கு மூலைப் பஞ்சிக்காரரிடம் போக வேண்டியிருந்தது, அவரோ கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று எல்லோருக்கும் அதிகாரம் பண்ணினார்.

நடுவது பெரிய வேலை இல்லை. நட்டபின் விடுவதுதான் எனக்கு வேலையாக இருந்தது. தாழைக்கு இடையில் முள்ளு முளைக்கும், கோரை முளைக்கும், எருக்கலை முளைக்கும். எல்லாம் நிற்க வேண்டும், எல்லாம் சேர்ந்துதான் பற்றை என்று உத்தியோகத்தர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் கரையில் போய் நிற்பேன். கை தானாகக் கீழே போகும். இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். ஒரு நாள் என்னை அறியாமல் ஒரு எருக்கலையைப் பிடுங்கிவிட்டு, திரும்ப அதைப் பழைய குழியிலேயே நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். எருக்கலைக்குத் தண்ணீர் ஊற்றிய பெண் எங்கள் பகுதியில் வேறு ஒருத்தி இருக்கமாட்டாள்.

இதற்கிடையில் சண்டை வந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. வன்னியிலிருந்து கடிதம் வரும். காணி நல்ல காணி, நெல் நன்றாக விளைகிறது, மூத்தவனுக்குக் காய்ச்சல், இளையவளுக்குக் காய்ச்சல், இப்போது சுகம், இப்போது திரும்பவும் காய்ச்சல். எனக்குக் கடிதத்தைப் பிரிக்கவே கை கூசும்.

நாலு வருடமும் கழிந்து ஐந்தாவதும் போனது. எழுதிப் போட்டோம். வேறு ஒரு உத்தியோகத்தர், வயதானவர், வந்து பார்த்தார். தாழை தோளுக்கு மேலே நின்றது. உள்ளே ஒரு உடும்பு ஓடியது, அதைக் கண்டு அவருக்கு நல்ல சந்தோஷம். தங்கையின் பெயரைப் பதிந்தார். வருடா வருடம் காசு வரும் என்றார். நான் அன்றைக்கே அவளுக்கு எழுதினேன். காசு வரப் போகிறது, உப்பும் பின்வாங்கிவிட்டது, இந்த மாரிக்குப் பள்ளத்தில் விதைக்கலாம், நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று நாலு பக்கம் எழுதினேன். இத்தனை வருடமும் என் நெஞ்சில் கிடந்த பாரம் அந்தக் கடிதத்தோடு போய்விடும் என்று நம்பினேன்.

சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு அவள் வந்தாள். கூட மூத்தவன் மட்டும். படலையில் நின்றவளை எனக்குச் சட்டென்று மட்டுக்கட்ட முடியவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கண் மஞ்சளித்து, தலைமயிர் பாதியாய்ப் போயிருந்தது. என்னைவிட இரண்டு வயது இளையவள், பத்து வயது மூத்தவள் போலிருந்தாள். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு முடிய, வயலைப் பார்ப்போம் வா என்று அவசரப்படுத்தினேன். காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு.

கரை நீளத்துக்கும் தாழை பூத்திருந்தது. அவள் மெல்ல நடந்து பார்த்தாள். ஒரு மடலை விரலால் தொட்டாள். குனிந்து வேரைப் பார்த்தாள். உள்ளே வயல் மண்ணைக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"உப்பில்லை," என்றாள்.

"இல்லைத்தானே? இனி வந்திடுவாய்தானே?" என்றேன்.

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இப்போது என்னைவிட உயரம். வரம்பில் நின்று, தன் ஊர் மாடுகளின் கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"எப்பிடி அக்கா வாறது? பெடியளுக்கு அதுதான் ஊர். நாலு காய்ச்சல் காய்ஞ்சு, காடு வெட்டி, இப்பத்தான் அவருக்கும் ஒரு பிடிப்பு வந்திருக்கு. உந்தக் காசை நீங்களே எடுத்து எங்கடை கோயிலுக்குக் குடுங்கோ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். தாழை முள் கிழித்த பழைய தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அவள் குரலில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை.

"அக்கா, அப்ப நான் வெட்ட வேண்டாமெண்டு ஒருக்காச் சொன்னனான். இன்னொருக்காச் சொல்லியிருக்க வேணும். உங்களுக்குப் பயத்திலை சொல்லேல்லை."

இத்தனை வருடமும் அந்தப் பிழை என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டு வன்னியில் இருந்திருக்கிறாள். நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன், மயிர் உதிர்ந்த அந்தத் தலையைச் சரி செய்ய என் கை போகவில்லை. என்னை மன்னித்துவிடு என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன்.